சங்குக்குப் பிறகு நடந்தவள்

சலாஃபாய் புறப்பட்டது 2010 பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை. அன்று கப்பல் ஒன்றரை மணி நேரம் தாமதம். எங்கள் ஊரிலிருந்து வழியனுப்ப வந்த பதினேழு பேரும் துறையின் தகரக் கூரைக்குக் கீழே, சுட்ட சேம்பங்கிழங்குப் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்தோம். அழ வேண்டியதை முதல் அரை மணி நேரத்திலேயே அழுது முடித்துவிட்டதால், கப்பல் வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் கொட்டாவிதான் வந்தது.

ஆக்லாந்தில் ஒரு கோழி வெட்டும் தொழிற்சாலையில் சலாஃபாய்க்கு வேலை கிடைத்திருந்தது. அவளுடைய பதினைந்து மாதக் குழந்தை நோவெமாவைக் கூட்டிப்போகக் காகிதங்கள் சரியாக இல்லை. குழந்தையின் தகப்பன் வேறு தீவுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போனவன், திரும்பி ஒரு வரி எழுதவில்லை. ஆகவே குழந்தை அக்கா லெய்துவின் இடுப்பில் இருந்தது.

கப்பல் நகர்ந்த பிறகு மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சலாஃபாய் ஏதோ கத்தினாள். இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் காதில் விழவில்லை. "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

"புள்ளைக்கு இருமல் வந்தா தேங்காயெண்ணெய் தடவச் சொல்றா" என்றாள் லெய்து அக்கா.

நாங்களும் நம்பினோம். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. யார், எப்போது, என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பதில் அவளுக்கு முப்பது வருடப் பழக்கம் இருந்தது. அன்றைக்கு அந்தத் துறையில் இருந்த பதினேழு பேரும் கொஞ்ச நேரம் அவளைப்போல ஆகியிருந்தோம். அதில் தேர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. உயரம். நீண்ட கழுத்து. நடக்கும்போது தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாது. கர்வக்காரி என்று ஊர் முடிவு செய்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு.

எங்கள் ஊரில் யாராவது தெருவில் போனால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்கள் "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். போகிறவர் நின்று, "நீங்க சாப்பிடுங்க, எனக்கு ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். சட்டியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடுவோம். குடல் காய்ந்தாலும் ஆச்சு என்போம். லெய்து அக்கா தேவாலயத்துக்குப் போகும்போது இடப்பக்கத்து வீடுகளுக்குப் பதில் சொல்வாள், வலப்பக்கத்து வீடுகளுக்குச் சொல்ல மாட்டாள். திரும்பி வரும்போது அது மாறிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் பாதி நாள் நல்லவள், பாதி நாள் திமிர் பிடித்தவள்.

வலது காதில் அவளுக்கு ஒன்றுமே இல்லை. இடது காதில் கனமான சத்தங்கள் மட்டும், அதுவும் பக்கத்திலிருந்து வந்தால். எட்டு வயதில் இரண்டு காதிலும் சீழ் வந்து, மாதக்கணக்கில் வடிந்து நின்றபோது, குணமாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். குறைந்ததை அறிந்தவள் தங்கை சலாஃபாய் மட்டும்தான். ஒரே பாயில் படுத்தவளிடம் எதை மறைக்க முடியும். தேவாலயப் பாடகர் வரிசையில் சலாஃபாய் அவளுக்குப் பின்னால் நின்று, முதுகில் இரண்டு விரலால் தாளம் தட்டிக்கொடுப்பாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் முழங்கையைத் தொடுவாள். மாலையில் சங்கு ஊதினால் தோளைத் தொடுவாள்.

எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. கூரையும் தூண்களும்தான். காது கேட்காத ஒருத்திக்கு இதைவிட நல்ல வீடு இல்லை என்று பிற்பாடு பல ஊர்களின் அடைத்த அறைகளில் இருந்தபோது நினைத்துக்கொண்டேன். ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் சமையல் கொட்டகை தெரியும், தெரு தெரியும், வருகிறவர் தெரிவார், வருகிறவரின் வாய் தெரியும். லெய்து அக்கா எப்போதும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். கடலிலிருந்து யாரும் வந்து பேசப்போவதில்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு முந்தைய அரையிருட்டுதான் அவளுக்குக் கஷ்டம். முகங்கள் இருக்கும், வாய்கள் இருக்காது.

சனிக்கிழமைகளில் பேருந்து ஏறிச் சந்தைக்குப் போவாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் போவாள். எங்கள் பேருந்துகள் மரத்தால் ஆனவை. ஓட்டுநர்கள் பாட்டை உச்சத்தில் வைப்பார்கள். பின் இருக்கைக்குக் கீழேதான் பெரிய ஒலிபெருக்கி. அங்கே உட்கார்ந்தால் பலகை வழியாகப் பாட்டு முதுகெலும்பில் ஏறும். அந்த இருக்கைக்காக அவள் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அதுவும் கர்வம் என்றுதான் தோன்றியது.

குழந்தை வந்த பிறகு அவள் மறைப்பதற்கு ஒரு காரணம் சேர்ந்தது.

அண்ணன் பெலெனாத்தோ அந்தக் குடும்பத்தின் தலைவர், ஊர்ச்சபையில் அவருக்கு இடம் உண்டு. அவருடைய மனைவி ஃபுவாத்தினோவுக்கு நான்கு பையன்கள், பெண் இல்லை. சலாஃபாய் போன மறுவாரமே ஃபுவாத்தினோ ஆரம்பித்துவிட்டாள்.

"புள்ளைய முன்வீட்டுல விடேன், லெய்து. நீ தனியா இருக்கிறவ. ராத்திரி அழுதா என்ன பண்ணுவே?"

"தூக்குவேன்."

"நாலு பெத்தவ நான். எனக்குத் தெரியாததா?"

"சலாஃபாய் எங்கிட்டதான் விட்டுட்டுப் போனா, அண்ணி."

முன்வீடு அண்ணனுடையது. அதன் பின்பக்கம் இருந்த சின்ன வீட்டில் அவளும் குழந்தையும் இருந்தார்கள். படுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் பழைய லாவாலாவாத் துணியைக் கிழித்து ஒரு முனையைக் குழந்தையின் காலிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வாள். குழந்தை உதைத்தால் எழுந்துவிடுவாள். ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் குழந்தை அழுது முன்வீடு விழித்ததில்லை. "சத்தமே போடாத புள்ள" என்று ஃபுவாத்தினோ ஊரெல்லாம் சொன்னாள்.

அடுத்த வருடம் சலாஃபாய் யாரிடமோ ஒரு சிறிய காதுக்கருவி கொடுத்தனுப்பினாள். லெய்து அக்கா அதை ஒரு நாள் போட்டுப் பார்த்தாள். கோழி, அலை, தகரம், தன் சொந்த மெல்லுதல் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் பாய்ந்தன. அதோடு, போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். பொத்தான்கள் போட்டு வைக்கும் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அவளுக்குத் தினமும் ஒரு கண்டம் இருந்தது என்றால் அது மாலைச் சங்குதான். சூரியன் விழுந்ததும் ஊர் ஜெபத்துக்கு அடங்கும். அந்த நேரத்துக்கு 'சா' என்று பெயர். முதல் சங்குக்கு வீடு சேர வேண்டும். இரண்டாவது சங்குக்கு ஜெபம் தொடங்கும். மூன்றாவது ஊதும்வரை தெருவில் ஒரு ஆள் நடக்கக்கூடாது. ஒரே நிற லாவாலாவா கட்டிய இளைஞர்கள் தெரு ஓரமாகக் காவல் நிற்பார்கள். மீறினால் ஊர்ச்சபை தண்டம் போடும். கடிகாரம் பார்த்து இதை அறிய முடியாது. சில நாள் ஆறரை, சில நாள் ஆறே முக்கால். லெய்து அக்கா கண்ணால் அறிந்துகொண்டாள். பிள்ளைகள் வீட்டைப் பார்த்து ஓடுவது, காவல் இளைஞர்கள் தெருவுக்கு வருவது, எதிர்வீட்டில் என் அம்மா பாயை உதறுவது. அதைப் பார்த்துத் தன் பாயை உதறுவாள்.

2012 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. லெய்து அக்கா பாய் பின்னச் சேர்த்திருந்த தாழை ஓலைகள் தேவாலயத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று மாத வேலை. நனைந்தால் கறுத்துவிடும். குழந்தையை முன்வீட்டில் விட்டுவிட்டு ஓடினாள். ஓலைகளைத் தேவாலயத் தாழ்வாரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டு, துடைத்து, சுருட்டிக் கட்ட ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அவள் திரும்பி வந்தபோது அவள் நம்பியிருந்த எதுவும் தெருவில் இல்லை. மழைக்காகப் பிள்ளைகள் முன்பே உள்ளே போயிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தூண்களுக்கு நடுவே ஓலைத் திரைகளை இறக்கிவிட்டிருந்தார்கள், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கும்பிடுகிறார்கள் என்று தெரியாது. காவல் இளைஞர்கள் பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். இரண்டாவது சங்கு ஊதி முடிந்திருந்தது.

அவள் தெருவின் நடுவில் நடந்து வந்தாள். தோளில் ஓலைக்கட்டு, தலைக்கு மேல் ஒரு வாழையிலை. தோளில் சுமையோடும் தலைக்கு மேல் மறைப்போடும் ஊர்த்தலைவர் வீட்டின் முன்னால் போவது சாதாரண நாளிலேயே மரியாதை இல்லை.

எங்கள் வீட்டில் அப்பா ஜெபத்தை நடுவில் நிறுத்தித் திரையின் ஓரத்தைத் தூக்கினார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். காவலுக்கு நின்ற யோவானே என்ற இளைஞன் அவளுக்குப் பத்தடி பின்னால் வந்து, "லெய்து அக்கா, சா, சா, நில்லுங்க" என்று அடித்தொண்டையில் கத்தினான். அவள் நடந்தாள். அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்து அவள் முன்னால் விழும்படி போட்டான். அவள் நின்றாள், கல்லைப் பார்த்தாள், அண்ணாந்து மேலே இருந்த ஈரப்பலா மரத்தை நிதானமாகப் பார்த்தாள், மறுபடியும் நடந்தாள்.

மரத்திலிருந்து ஏதோ விழுந்தது என்று அவள் நினைத்திருக்கிறாள். காவல்காரனைக் கேலி செய்கிறாள் என்று ஊர் நினைத்தது. பல வருடங்களுக்குப் பிறகும், யாராவது சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் "இவ மரத்தைப் பார்க்கிறா" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

மறுநாள் சபை கூடியது. என் அப்பா சபையின் சார்பில் பேசும் சொல்லாளர். கேட்க வேண்டியதைக் கேட்டு வரும்படி அவரை அனுப்பினார்கள். பெலெனாத்தோவே தங்கையைக் கேட்டிருக்கலாம் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். எங்கள் வழக்கத்தில் அண்ணன் தங்கையிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசமாட்டான். தங்கை அவனுக்கு மேலே வைக்கப்பட்டவள். கனமான சொல் அவளிடம் சொல்லக்கூடாது, எதையும் மனைவி மூலமோ பிள்ளைகள் மூலமோதான் சொல்லியனுப்ப வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரே முற்றத்தில் இருந்தும் பெலெனாத்தோவுக்குத் தங்கையின் காது பற்றித் தெரியாமல் போனதற்கு அந்த மரியாதைதான் காரணம்.

அப்பாவின் கையில் சொல்லாளரின் அடையாளமான ஈவிரட்டிச் சாமரம் மட்டும். நான் கோகோ பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முன்வீட்டில் பெலெனாத்தோ தூரத்துத் தூணில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுவாத்தினோ நோவெமாவை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். லெய்து அக்கா எதிரே உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு உதட்டை முழுசாக மூடும் மீசை. அவர் பேசியபோது அவள் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபை கேட்கச் சொல்லுச்சு, லெய்து. நேத்து சங்கு ஊதினது உனக்குக் கேட்கலையா?"

அப்பா கனிவான மனிதர், தானே ஒரு வழியைத் திறந்து வைத்தார்.

"நல்ல மழை. காத்து வேற. கேட்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போய் சபையில பேசிக்கிறேன்."

ஃபுவாத்தினோ சிரித்தாள். அவள் பேசினால் முழு முகமும் பேசும். ஊரிலேயே படிக்க எளிதான வாய் அவளுடையதுதான் என்று பிற்பாடு லெய்து அக்கா என்னிடம் சொன்னாள்.

"சங்கை விடுங்க. யோவானே பத்தடியில நின்னு கத்தியிருக்கான், கல்லு போட்டிருக்கான். அதுவும் கேட்கலைன்னா இவ செவிடுன்னு அர்த்தம். செவிடுகிட்ட யாராச்சும் பொட்டப் புள்ளைய விட்டு வைப்பாங்களா? நானே இன்னிக்கே எடுத்துக்குவேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். குழந்தையின் தலையில் அவள் விரல்கள் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தன.

லெய்து அக்கா அந்த விரல்களைப் பார்த்தாள்.

"கேட்டுது" என்றாள்.

"என்னது?"

"சங்கு கேட்டுது. ஓலை நனைஞ்சிரும்னு நடந்தேன்."

"யோவானே கூப்பிட்டது?"

"அதுவும் கேட்டுது."

அப்பா சாமரத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சாச்சு."

தூரத்துத் தூணில் பெலெனாத்தோ திரும்பவில்லை. அவர் கழுத்து மட்டும் சிவந்தது.

சங்கு கேட்காமல் நடப்பது தவறு. கேட்டும் நடப்பது ஊரையே காலால் தள்ளுவது. சபை பெரிய பன்றி ஒன்றும் பத்துப் பெட்டி டின் மீனும் கேட்டது. பெலெனாத்தோ தன் பையனின் தேவாலயத் திருநாளுக்கென்று வளர்த்த பன்றியைக் கொண்டுபோய்க் கட்டினார். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பு மனைவி மூலமாவது சொல்லியனுப்புவார், அதையும் நிறுத்திவிட்டார்.

பெண்கள் சங்கத்தில் பாய் பின்னும் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. பாடகர் வரிசையில் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்தாள். சலாஃபாய் போன நாளிலிருந்தே, முதுகில் தாளம் தட்ட ஆளில்லாமல், அவள் வாயை மட்டும்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதனால் பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

தெருவில் நடந்தால் சாப்பிடக் கூப்பிடுவதும் நின்றது. முன்பு குரல் எட்டாவிட்டாலும் சில வீடுகளில் கை அசைவதை ஓரக்கண்ணில் பிடித்து, "எனக்கு ஆச்சு" என்று தோராயமாகச் சொல்வாள். இப்போது எந்தக் கையும் அசையவில்லை. இரண்டு பக்கமும் வாய்கள் மென்றுகொண்டிருந்தன, அவ்வளவுதான். "காது போனது எனக்குத் தெரியவே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இது ஒரே நாள்ல போச்சு" என்று என்னிடம் சொன்னாள்.

ஆனால் குழந்தை அவளிடம் இருந்தது. அவளுக்கு அது போதும் என்று நான் எழுத மாட்டேன். போதவில்லை. அவளே சொன்னாள், சில நாள் பேருந்தின் பின் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே பேருந்தில் திரும்பி வருவாளாம்.

நோவெமாவிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை வெளியே சொல்லிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒழுக்கம் என்று கற்றுக்கொடுத்தாள். பெரியவர்களிடம் பேசும் முன் தொட வேண்டும். அவர்கள் முகம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவது அசிங்கம். வாயில் எதையும் வைத்துக்கொண்டு பேசக்கூடாது. இருட்டினால் விளக்குக்குப் பக்கத்தில் வந்து சொல்ல வேண்டும். நோவெமா எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மாவின் முழங்காலைத் தொட்டு, அம்மா திரும்பும்வரை நின்று, பிறகுதான் தண்ணீர் கேட்பாள்.

"என்ன இருந்தாலும் புள்ளைய நல்லா வளர்க்கிறா" என்பாள் அம்மா. "அவளுக்கு இல்லாத மரியாதை புள்ளைக்கு வந்திருக்கு."

நான் 2012 கடைசியில் ஊரை விட்டுப் போனேன். 2015 ஜூலையில் சலாஃபாய் இரண்டு வார விடுமுறையில் வந்து, காகிதங்களோடு மகளை அழைத்துப் போனாள் என்பதை அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். துறையில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதை லெய்து அக்கா பிற்பாடு சொன்னாள்.

"இனி சொல்லிரு அக்கா. இனி யாரு உங்கிட்டேருந்து என்னத்தை எடுக்கப்போறாங்க?"

"இப்ப சொன்னா சபையில பொய் சொன்னேன்னு ஆகும். அதுக்கு இன்னொரு பன்றி கேப்பாங்க."

"சிரிக்காதே."

"நான் சிரிக்கலை. அண்ணன்கிட்ட இன்னொரு பன்றி இல்லை."

நான் ஐந்து வருடம் சுற்றினேன். ஆரஞ்சுத் தோட்டம், கப்பல் சமையலறை, கடைசியாக பிரிஸ்பேனில் ஒரு பெரிய சலவைக்கூடம். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. பேச வேண்டுமானால் முதலில் தோளைத் தொடுவோம், ஆள் திரும்பிய பிறகு வாயை அகலமாக அசைத்துச் சொல்வோம். 2017 கடைசியில் ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பழக்கம் என்னோடு வந்திருந்தது.

வந்த மூன்றாம் நாள் கடைக்குப் போகும் வழியில் லெய்து அக்கா எனக்கு முன்னால் நடந்துபோனாள். அதே நேர் கழுத்து, இப்போது நரை. நான் எட்டி நடந்து தோளைத் தொட்டேன். திரும்பினாள். "எப்படி இருக்கீங்க அக்கா" என்றேன்.

அவள் முகத்தில் நிறம் போயிற்று. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உனக்கு யார் சொன்னது?"

"என்ன சொன்னது?"

"சலாஃபாய் எழுதினாளா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமல் நின்றதைப் பார்த்து அவளுக்குப் புரிந்தது. தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்து, போகிறவளைப்போல இரண்டடி வைத்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"யாரும் என்னைத் தொட்டு ரெண்டரை வருஷம் ஆச்சு" என்றாள். "வா, வீட்டுக்குப் போலாம். தெருவுல வேண்டாம்."

அன்று மாலை சங்கு ஊதும்வரை பேசினாள். சங்கு ஊதியபோது நான் அவள் தோளைத் தொட்டேன். பாயை உதறிப் போட்டாள். அதற்குப் பிறகு வாரத்தில் நான்கைந்து நாள் போனேன். வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன், காப்பாற்றினேன். எதிரே இருந்த முன்வீட்டில் ஃபுவாத்தினோ, "கர்வக்காரிக்குத் துணை கிடைச்சிருச்சு" என்று என் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்கும் ஊரில் கால் தரிக்கவில்லை. ஏப்ரலில் மறுபடி போவதற்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்தேன். அவளிடம் அதைச் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

மார்ச்சில் பெலெனாத்தோவின் பெரியப்பா ஒருவர் இறந்தார். ஆக்லாந்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெட்டியைக் காலி செய்யும்போது, பக்கப் பையிலிருந்து ஒரு கடிதம் விழுந்தது. போன வருடம் மே மாதம் நோவெமா கொடுத்தனுப்பியது. அப்போது வருவதாக இருந்த பயணம் தள்ளிப்போய், பத்து மாதமாகக் கடிதம் அந்தப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. உறையின் மேல் மாமா, அத்தை, லெய்து அம்மா என்று மூன்று பேர் பெயரும் இருந்ததால் முன்வீட்டுக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கல்லடுப்பில் சுட்ட மீன், தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட சேம்பிலை. துக்க வீடு என்பதால் லெய்து அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் அப்பா அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபுவாத்தினோதான் வாசித்தாள். ஆங்கிலமும் எங்கள் மொழியுமாகக் கலந்து, எழுத்துப் பிழைகளோடு, எட்டு வயதுப் பெண் எழுதியது. குளிர், தொப்பி, பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டு நாய். ஃபுவாத்தினோ நாயைப்போலக் குரைத்துக் காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். அன்று லெய்து அக்காவுக்குக் கிடைத்த இடம் கடலைப் பார்த்தது; ஃபுவாத்தினோவுக்குப் பின்னால் கடல் வெளிச்சம். அவள் முகம் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருக்கும். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து லெய்து அக்காவும் சிரித்தாள்.

இரண்டாம் பக்கத்தில் ஃபுவாத்தினோவின் குரல் மெதுவாயிற்று. அதுவரை காகிதத்திலேயே இருந்த கண்கள் ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து லெய்து அக்காவைப் பார்த்தன. என் அப்பா சாமரத்தைக் கீழே வைத்தார். பெலெனாத்தோ தூணை விட்டு முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார், தங்கை இருந்த பக்கம் திரும்பி. நான் பார்த்தவரையில் அதுதான் முதல் தடவை. லெய்து அக்கா இன்னும் சிரித்த முகத்தோடுதான் இருந்தாள். ஏதோ மாறிவிட்டது என்று தெரிந்து, என்ன என்று என்னைப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது இது:

"இங்க டீச்சர் எங்கிட்ட கேட்டாங்க, ஏன் எல்லாரையும் தொட்டுட்டுப் பேசறேன்னு. பிள்ளைங்க சிரிக்கிறாங்க. அதுதான் மரியாதை, எங்க வீட்டுல அப்படித்தான், முகத்தைத் திருப்பின அப்புறம்தான் பேசணும், வெளிச்சத்துல நின்னு பேசணும், ராத்திரி கால்ல துணி கட்டிக்கிட்டுத் தூங்கணும்னு சொன்னேன். உங்க ஊர்ல எல்லாரும் அப்படியான்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன். மாமா, நீங்களும் அத்தையும் ஒரு நாள்கூட லெய்து அம்மாவைத் தொட்டுட்டுப் பேசினதே இல்லை. ஏன்?"